முகாம் கவுன்சிலர்: நாலு நாளில் என்ன செய்யலாம், எதைச் செய்யவே கூடாது

கேள்வி இதுதான்: 23 வயது. கல்லூரி முடித்தாயிற்று. சபையில் இரண்டு வருடம் ஓய்வுநாள் பள்ளி (சண்டே ஸ்கூல்) எடுத்த பழக்கம் உண்டு. பயண ஊழியம் செய்யும் ஒரு குழு, மே மாதத்தில் கொடைக்கானல், ஏற்காடு, அப்புறம் சமவெளியில் ஒரு பள்ளி வளாகம் என்று அடுத்தடுத்து மூன்று கிறிஸ்தவ வாலிபர் முகாம்களுக்குக் கவுன்சிலராக, அதாவது ஒரு சிறு குழுப் பிள்ளைகளைக் கூடவே இருந்து பார்த்துக்கொள்கிறவராகக் கூப்பிடுகிறது. மேடையில் பேசத் தெரியாது. பிள்ளைகள் மனம் திறந்து எதையாவது சொன்னால் என்ன பதில் சொல்வதென்றும் தெரியாது. போகலாமா, எப்படித் தயாராவது?

போகலாம். மேடைப் பேச்சு தெரியாதது ஒரு குறையே இல்லை. பேச்சாளர் நூறு பேரைப் பார்த்து நாற்பது நிமிடம் பேசிவிட்டு இறங்கிவிடுவார். கவுன்சிலர் பொறுப்பில் ஏழு பிள்ளைகள். அந்த ஏழு பேரோடு எழுந்து, குளியலறை வரிசையில் நின்று, சாப்பிட்டு, விளையாடி, வேதம் வாசித்து, அவர்கள் தூங்கின பிறகு தூங்குவதுதான் உங்கள் வேலை.

ஒன்றை மட்டும் முதலிலேயே மனதில் பதித்துக்கொள்ளுங்கள். நீங்கள் வந்து போகிறவர். நாலாம் நாள் மதியம் அடுத்த ஊருக்கு பஸ் ஏறிவிடுவீர்கள். அந்தப் பிள்ளை அதே வீட்டுக்கு, அதே தெருவுக்கு, அதே பள்ளிக்கூடத்துக்குத் திரும்பிப் போகும். எதைப் பேசலாம், எந்த வாக்குறுதி கொடுக்கக் கூடாது, யாரிடம் எதைச் சொல்ல வேண்டும் என்று கீழே எழுதுவதெல்லாம் இந்த ஒரு உண்மையிலிருந்து வருபவை.

முதலில் தேதி. முகாம் தேதியைக் குழு முடிவு செய்திருக்கும். ஆனாலும் நாட்காட்டியை நீங்களும் ஒருமுறை பாருங்கள். சமீப ஆண்டுகளில் பிளஸ் 2 தேர்வு முடிவும் பத்தாம் வகுப்பு முடிவும் மே மாதத்தின் முதல் மூன்று வாரங்களுக்குள் வந்துவிடுகின்றன. நீட் தேர்வு பெரும்பாலும் மே முதல் ஞாயிறு. முடிவு வெளியாகும் நாள் முகாமுக்கு நடுவில் விழுந்தால், அன்றைய நிகழ்ச்சி நிரல் எதுவும் நடக்காது என்றே வைத்துக்கொள்ளுங்கள். காலையிலேயே ஒவ்வொரு பிள்ளையின் முடிவையும் யார் பார்ப்பது, யார் சொல்வது, தோற்றுப்போன பிள்ளையோடு அன்று முழுவதும் யார் இருப்பது என்பதை முந்தின இரவே பேசி வைக்க வேண்டும். கூட்டத்தின் நடுவில் செல்போனை நீட்டிப் பார்க்க விடுவதுதான் வழக்கமாக நடக்கிற தவறு. ஒரு பிள்ளை துள்ளிக் குதிக்கும்போது பக்கத்துப் பிள்ளை சத்தமில்லாமல் எழுந்து வெளியே போய்விடும். அதை யாரும் கவனித்திருக்க மாட்டார்கள். தனியறையில், ஒவ்வொருவராக, கவுன்சிலர் பக்கத்தில் இருக்கும்போது பார்க்கட்டும். தோற்றவர்களுக்கு ஜூன், ஜூலையில் துணைத் தேர்வு உண்டு, வருடம் வீணாகாது என்பதை அந்த நிமிடமே சொல்லுங்கள். தேறுதல் வார்த்தையைவிட அந்தத் தகவல் அப்போது அதிகம் உதவும்.

பயணம். ரயில் முன்பதிவு இப்போது 60 நாளுக்கு முன்புதான் திறக்கிறது. மே மாத டிக்கெட்டுக்கு மார்ச்சிலேயே காத்திருந்து எடுங்கள். போகிற டிக்கெட்டைவிட, மே கடைசியில் திரும்பி வருகிற டிக்கெட்தான் கிடைக்காது. கொடைரோடு ஸ்டேஷனிலிருந்து மலைக்கு இன்னும் 80 கிலோமீட்டர் இருக்கிறது. பிள்ளைகள் வருவதற்கு முந்தின நாள் மாலைக்குள் நீங்கள் அங்கே இருந்தாக வேண்டும். வாடகை வேனில் போவதாக இருந்தால் இ-பாஸ் (வண்டி மலைக்குள் நுழைய ஆன்லைனில் எடுக்கும் அனுமதி) எடுத்தாயிற்றா என்று கேளுங்கள். 2024 மே 7 முதல் உயர் நீதிமன்ற உத்தரவுப்படி கொடைக்கானலுக்கும் நீலகிரிக்கும் அது கட்டாயம். அரசுப் பேருந்துக்குத் தேவையில்லை. சின்ன பிளாஸ்டிக் தண்ணீர் பாட்டிலை மலைக்குக் கொண்டுபோக முடியாது. ஆளுக்கொரு ஸ்டீல் பாட்டில் என்று அறிவிப்புக் கடிதத்திலேயே எழுதச் சொல்லுங்கள்.

மலைப்பாதையில் வாந்தி எடுக்கும் பிள்ளைகள் எப்படியும் நாலைந்து பேர் இருப்பார்கள். ஏற்காட்டுக்கு ஏறும்போது 20 கொண்டை ஊசி வளைவுகள். அவர்களை முன் இருக்கையில் உட்கார வைத்து, எதிரே சாலையைப் பார்க்கச் சொல்லுங்கள். போனையோ புத்தகத்தையோ குனிந்து பார்த்தால் உடனே குமட்டும். வெறும் வயிறும் ஆகாது, பூரி கிழங்கும் ஆகாது. இரண்டு மணி நேரத்துக்கு முன்னால் இரண்டு இட்லி போதும். வாந்தி மாத்திரை வீட்டிலிருந்து கொண்டுவந்திருந்தால், ஏறுவதற்கு முன்பே போட்டால்தான் பலன். போட்ட பிள்ளை தூங்கி வழியும் என்பதால் அன்று மதிய விளையாட்டில் கட்டாயப்படுத்தாதீர்கள்.

இனி, பிள்ளைகள் வருவதற்கு முன் உங்கள் கையில் இருக்க வேண்டிய தாள்: பெற்றோர் கையெழுத்திட்ட படிவம். இரண்டு தொலைபேசி எண்கள், ஒவ்வாமை, இளைப்பு, வலிப்பு, இப்போது சாப்பிடும் மாத்திரை, இரவில் படுக்கையை நனைக்கும் பழக்கம் உண்டா என்பதெல்லாம் அதில் இருக்க வேண்டும். கடைசிக் கேள்வியைப் பலர் சேர்ப்பதில்லை. பதினொன்று பன்னிரண்டு வயதுப் பிள்ளைக்கு அது வாழ்நாள் அவமானமாகிவிடும். தெரிந்திருந்தால் கதவுக்குப் பக்கத்துப் படுக்கையைக் கொடுத்து, படுக்கும் முன் ஒருமுறையும் நடுராத்திரி ஒருமுறையும் எழுப்பிக் கூட்டிப் போய்விடலாம், வேறு யாருக்கும் தெரியாமல். இது கிறிஸ்தவ முகாம், ஜெபமும் வேத பாடமும் இருக்கும் என்ற வரியும் படிவத்தில் இருக்க வேண்டும். விடுதிப் பிள்ளைகளோடு பிற மதப் பிள்ளைகளும் வருவார்கள். அவர்கள் வீட்டில் தெரியாமல் எதுவும் நடக்கக் கூடாது.

உங்கள் ஏழு பேரைப் பிரிக்கும் விதத்தைக் கவனியுங்கள். ஒரே சபை, ஒரே ஊர் என்று சேர்த்துப் போட்டால் நிர்வாகத்துக்கு வசதிதான். ஆனால் தென்மாவட்டங்களில் ஊர் என்றால் தெரு, தெரு என்றால் சாதி. கையில் கட்டியிருக்கும் நிறக்கயிறு எந்தச் சாதி என்று பிள்ளைகளுக்கு நம்மைவிட நன்றாகத் தெரியும். 2023இல் நாங்குநேரியில் ஒரு மாணவன் வெட்டப்பட்ட பிறகு அரசு அமைத்த நீதிபதி சந்துரு குழு, பள்ளிகளில் அந்தக் கயிறுகளுக்குத் தடை வேண்டும் என்று 2024 ஜூனில் பரிந்துரைத்தது. முகாமிலும் முதல் நாளே எல்லோருக்கும் பொதுவாகச் சொல்லிக் கழற்றி வைக்கச் செய்யலாம். யாரையும் தனியாகச் சுட்டிக் காட்டக் கூடாது. ஊர்களைக் கலந்து போடுங்கள். அறிமுகத்தில் பேர், வகுப்பு, பிடித்த விளையாட்டு போதும். "எந்த ஊர்? அங்கே எந்தத் தெரு?" என்று பெரியவர்கள் விசாரிப்பது பழக்கதோஷம்தான், ஆனால் அதைக் கேட்கும் பிள்ளையின் முகம் சுருங்குவதைப் பார்த்தால் நீங்கள் இனி அந்தக் கேள்வியைக் கேட்க மாட்டீர்கள். சாப்பாட்டுப் பந்தியில் யார் யாருக்குப் பக்கத்தில் உட்காராமல் எழுந்து போகிறார்கள் என்பதையும் பாருங்கள். சபையில் யாரும் வாய்விட்டுச் சொல்லாதது அங்கே தெரிந்துவிடும்.

நாள் ஓட்டம் பெரும்பாலும் இப்படி இருக்கும்: ஐந்தரைக்கு மணி, ஆறேகாலுக்குத் தனி ஜெபமும் வேத வாசிப்பும், எட்டுக்குக் காலை உணவு, ஒன்பதிலிருந்து பாடலும் செய்தியும், பதினொன்றேகாலுக்குக் குழு வேத பாடம், மதியம் ஓய்வு, மூன்றரைக்கு விளையாட்டு, மாலைக் கூட்டம், இரவு ஒன்பதேகாலுக்கு அறை ஜெபம், பத்துக்கு விளக்கணைப்பு, அதன்பின் கவுன்சிலர்கள் கூடி இருபது நிமிடம். இதில் கழுத்தைப் பிடிப்பது குளியல்தான். நாற்பது பிள்ளைகள், நாலு குளியலறை, ஆளுக்கு ஆறு நிமிடம் என்றாலே ஒரு மணி நேரம். மலையில் வெந்நீர் வேண்டும் என்பதால் இன்னும் இழுக்கும். பாதிப் பேரை மாலை விளையாட்டுக்குப் பிறகு குளிக்கச் சொன்னால் காலை வேத வாசிப்பு தப்பிக்கும். தூக்கத்தில் மட்டும் கை வைக்காதீர்கள். விளக்கணைத்த பின்னும் பேசிக்கொண்டிருக்க விட்டால் பிள்ளைகளுக்குப் பிடிக்கும், உங்களையும் பிடிக்கும். ஆனால் மூன்றாம் நாள் அத்தனை பேருக்கும் எரிச்சலும் அழுகையுமாக இருக்கும். அந்த அழுகையை ஆவிக்குரிய அசைவு என்று நினைத்துவிடுகிற ஆபத்தும் அதில் உண்டு.

குழு வேத பாடத்துக்கு ஏழெட்டு வசனங்கள் போதும். மாற்கு 10:46-52, பர்திமேயுவின் பகுதியை எடுத்துக்கொள்வோம். முதல் ஐந்து நிமிடம் வாசிப்பு, ஆளுக்கொரு வசனம். வாசிக்கத் திணறும் பிள்ளைக்குச் சின்ன வசனம் வரும்படி உட்கார வையுங்கள். ஆங்கிலப் பள்ளியில் படிக்கும் பல பிள்ளைகளுக்குத் தமிழ் வேதாகமத்தைச் சத்தமாக வாசிப்பது பெரிய பயம். அடுத்து, என்ன நடந்தது என்று மட்டும் கேளுங்கள், பதினைந்து நிமிடம். அவன் எங்கே உட்கார்ந்திருந்தான்? கூட்டத்தார் அவனிடம் என்ன சொன்னார்கள்? எழுந்து வரும்போது எதை எறிந்தான்? "விசுவாசம் என்றால் என்ன?" என்று ஆரம்பித்தால் "இயேசு, பைபிள், ஜெபம்" என்று ஓய்வுநாள் பள்ளிப் பதில்தான் வரும், அதோடு குழு செத்துவிடும். கேள்வி கேட்ட பிறகு மனதுக்குள் பத்து வரை எண்ணுங்கள். புதுக் கவுன்சிலர் மூன்று எண்ணுவதற்குள் தானே பதில் சொல்லிவிடுவார். பிறகு அந்த இடத்துக்கு வாருங்கள்: கண் தெரியாதவன் என்பது கண்கூடு. இருந்தும் இயேசு, நான் உனக்கு என்ன செய்ய வேண்டும் என்று அவனிடமே கேட்கிறார். ஏன் கேட்டார்? இதை மட்டும் பன்னிரண்டு நிமிடம் பேசட்டும். மிச்ச நேரத்தில், உன்னிடம் கேட்டால் என்ன சொல்வாய் என்பதை ஒரு தாளில் எழுதட்டும். சத்தமாகச் சொல்லச் சொல்லாதீர்கள், நீங்களும் வாங்கிப் பார்க்காதீர்கள். காட்ட விரும்பும் பிள்ளை தானே காட்டும்.

கத்தோலிக்கப் பிள்ளைகள் கலந்திருந்தால் இன்னொன்று. நீங்கள் பழைய மொழிபெயர்ப்பிலிருந்து கர்த்தர், சங்கீதம், சுவிசேஷம் என்பீர்கள். அவர்கள் கையில் இருக்கும் திருவிவிலியத்தில் ஆண்டவர், திருப்பாடல், நற்செய்தி என்று இருக்கும். "சங்கீதம் 23 எடுங்கள்" என்றதும் ஒரு பிள்ளை பொருளடக்கத்தைப் புரட்டிப் புரட்டி விழிக்கும். "சங்கீதம், திருப்பாடல் 23" என்று இரண்டையும் சேர்த்துச் சொல்லப் பழகிக்கொள்ளுங்கள். மனப்பாட வசனத்தை இரு மொழிபெயர்ப்பிலும் பலகையில் எழுதிவிடுங்கள்.

இப்போது நீங்கள் பயப்படுகிற இடத்துக்கு வருவோம். பிள்ளைகள் ஆலோசனை நேரம் என்று போட்ட நேரத்தில் எதையும் சொல்வதில்லை. இரண்டாம் நாள் இரவு, சாப்பிட்டு முடித்து எல்லோரும் போன பிறகு, குழாயடியில் ஒரு பையன் தட்டைக் கழுவிக்கொண்டே இருப்பான். தட்டு எப்போதோ சுத்தமாகிவிட்டது. மறுபடியும் தண்ணீரைத் திறந்து விளிம்பைத் தேய்ப்பான். அவன் உங்களுக்காகக் காத்திருக்கிறான். எதிரே போய் நின்று "என்ன தம்பி, ஏதாவது பிரச்சினையா?" என்று கேட்டால் "ஒண்ணுமில்லண்ணே" என்று ஓடிவிடுவான். நீங்களும் ஒரு தட்டை எடுத்துப் பக்கத்துக் குழாயில் கழுவுங்கள். "உங்க வீட்ல யாரு பாத்திரம் கழுவுவாங்க?" என்பது போல ஒரு சின்னக் கேள்வி போதும். முகத்தைப் பார்க்காமல் பக்கத்தில் நின்று பேசும்போதுதான் அந்த வயதுப் பையன்கள் வாய் திறக்கிறார்கள்.

பேச ஆரம்பித்துவிட்டால், அதை மற்றவர் கண்ணுக்குத் தெரிகிற இடத்திலேயே தொடருங்கள். சாப்பாட்டுக்கூடத்தின் மூலை, முற்றத்துப் படிக்கட்டு, மைதானத்தின் ஓரம் எதுவானாலும் சரி. ஆட்கள் பார்க்கலாம், காதில் விழக் கூடாது. கதவு சாத்திய அறை, நிறுத்தியிருக்கும் வேன், தனியே ஒரு நடை, இவை எப்போதும் வேண்டாம். பெண்பிள்ளைகளிடம் பெண் கவுன்சிலர்தான் பேச வேண்டும். ஒரு பெண்பிள்ளை உங்களைத் தேடி வந்தால் பேச்சை அறுக்காமல், "நான் அக்காவையும் கூப்பிடுறேன், சேர்ந்து கேக்குறோம்" என்று சொல்லிவிடலாம்.

"யார்கிட்டயும் சொல்ல மாட்டீங்கள்ல?" என்று பிள்ளை கேட்கும். அன்பினால் "சத்தியமா சொல்ல மாட்டேன்" என்று நாக்கு நுனிவரை வரும். சொல்லாதீர்கள். இந்த வார்த்தைகளை இப்போதே பழகி வையுங்கள்: "நீ சொல்றத மத்த பசங்ககிட்டயோ மேடையிலயோ சொல்ல மாட்டேன். ஆனா உன் உயிருக்கோ உடம்புக்கோ ஆபத்துன்னு தெரிஞ்சா, உதவி பண்றவங்ககிட்ட சொல்லித்தான் ஆகணும். யார்கிட்ட சொல்றேன்னு முதல்ல உன்கிட்ட சொல்லிட்டுத்தான் செய்வேன்." இதைக் கேட்டபின் சில பிள்ளைகள் நிறுத்திவிடும். பரவாயில்லை. பெரும்பாலும் மறுநாள் வந்துவிடும்.

ஏறக்குறைய எல்லா முகாமிலும் வருபவை இவை: அப்பாவின் குடி, அம்மா அப்பா சண்டை, மதிப்பெண், காதல், போனில் பார்த்துவிட்டு விடமுடியாமல் தவிக்கும் படங்கள். இவற்றில் உங்கள் வேலை கேட்பதும், கேட்டதை அவர்கள் வார்த்தையிலேயே திருப்பிச் சொல்வதும், சேர்ந்து சுருக்கமாக ஜெபிப்பதும், பிறகு ஊரில் யாரிடம் இதைத் தொடரலாம் என்று பிள்ளையிடமே கேட்பதும்தான். தீர்ப்பும் வேண்டாம், பதினைந்து நிமிட உபதேசமும் வேண்டாம். குடிகாரத் தகப்பனைப் பற்றி அழும் பிள்ளையிடம், தாய் தகப்பனைக் கனம்பண்ண வேண்டும் என்ற கட்டளையை அந்த நேரத்தில் எடுத்துப் போடுகிறவர்கள் இருக்கிறார்கள். அந்தப் பிள்ளை அதற்கப்புறம் எந்த ஊழியரிடமும் பேசாது.

பாலியல் தொந்தரவு என்று தெரியவந்தால் வழியே வேறு. பதினெட்டு வயதுக்குக் கீழே உள்ள யாராக இருந்தாலும், 2012ஆம் ஆண்டின் போக்சோ சட்டம் 19ஆம் பிரிவுப்படி, தெரிந்துகொண்டவர் காவல்துறைக்கோ சிறார் சிறப்புக் காவல் பிரிவுக்கோ தெரிவித்தாக வேண்டும். தெரிந்தும் தெரிவிக்காமல் இருப்பது 21ஆம் பிரிவில் குற்றம். ஆறு மாதம் வரை சிறை, அல்லது அபராதம், அல்லது இரண்டும். நல்லெண்ணத்தோடு தகவல் கொடுத்தவர் மீது வழக்கு வராது. 1098 என்ற குழந்தைகள் உதவி எண் இருபத்து நாலு மணி நேரமும் உண்டு. அந்த நேரத்தில் நீங்கள் செய்ய வேண்டியது கொஞ்சம்தான். நம்புகிறேன் என்று சொல்லுங்கள். இது உன் தப்பு இல்லை என்று சொல்லுங்கள். துருவித் துருவிக் கேட்காதீர்கள், "அந்த மாமாதானே?" என்று நீங்களே பேரை எடுத்துக் கொடுக்காதீர்கள். பிள்ளை சொன்ன வார்த்தைகளை அப்படியே, தேதியும் நேரமும் போட்டு எழுதி, அன்றிரவே முகாம் பொறுப்பாளரிடம் கொடுங்கள். பொறுப்பாளர் தயங்கினால் நீங்களே 1098ஐக் கூப்பிடலாம். கூப்பிடவும் வேண்டும். சபைக் கமிட்டி கூடிப் பேசட்டும், போதகர் விசாரிக்கட்டும், சபையின் பேர் கெட்டுவிடும் என்று தள்ளிப்போடுவது சட்டப்படியும் தவறு, ஆண்டவர் முன்னும் தவறு. குற்றம் செய்தவரைக் கூப்பிட்டு விசாரித்தால் பிள்ளைக்கு ஆபத்து கூடும். அவரை மன்னித்துவிடு என்று அந்தப் பிள்ளையிடம் சொல்ல அந்த இடத்தில் யாருக்கும் உரிமை இல்லை.

உயிரை மாய்த்துக்கொள்ளும் எண்ணம் இருக்குமோ என்று சந்தேகம் வந்தால் நேராகவே கேளுங்கள்: "செத்துப்போயிடலாம்னு தோணியிருக்கா?" கேட்பதால் அந்த எண்ணம் புதிதாக முளைத்துவிடாது. கேட்டதே நிம்மதி என்று சில பிள்ளைகள் அழுதுவிடும். ஆமாம் என்றால் அந்த நிமிடத்திலிருந்து தனியே விடக் கூடாது, குளியலறைக்குக்கூட யாராவது துணை போக வேண்டும். பொறுப்பாளருக்கும் பெற்றோருக்கும் உடனே தெரிய வேண்டும். டெலிமானஸ் என்ற மனநல உதவி எண் 14416, தமிழக அரசின் மருத்துவ உதவி எண் 104 இரண்டிலும் தமிழில் பேசுவார்கள். தன்னைத்தானே கீறிக்கொண்ட தழும்பு கையில் இருக்கும் பிள்ளையைச் சமவெளி முகாமில் எளிதில் கண்டுபிடித்துவிடலாம். மே வெயிலில் முழுக்கைச் சட்டையோடு இருப்பது அந்தப் பிள்ளை மட்டும்தான். கொடைக்கானலில் எல்லோரும் ஸ்வெட்டர் போட்டிருப்பதால் தெரியாது. சாப்பிடும் முன் கை கழுவும்போது பாருங்கள்.

இன்னொரு இடத்தில் அவசரம் கூடாது. நீண்ட ஜெபக் கூட்டத்தில் ஒரு பெண்பிள்ளை மூச்சு வாங்கி, கை விரல்கள் மடங்கி, மயங்கி விழலாம். உடனே நாலு பேர் சூழ்ந்து நின்று பேயோட்டத் தொடங்குவது பிள்ளைக்கு மருத்துவக் கெடுதலும் கூட. கூட்டத்தை விலக்குங்கள், காற்று வரட்டும், பெண் கவுன்சிலர் பக்கத்தில் உட்கார்ந்து மெதுவாக மூச்சுவிடச் சொல்லட்டும். மதியம் சாப்பிட்டாளா, மாதவிலக்கா, வலிப்பு உண்டா என்று படிவத்தைப் பாருங்கள். தெளியவில்லை என்றால் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோங்கள். அதேபோல, ஜெபித்தாயிற்று, இனி மாத்திரை வேண்டாம் என்று யாரும் எந்தப் பிள்ளையிடமும் சொல்லக் கூடாது, பேச்சாளராகவே இருந்தாலும். வலிப்பு மாத்திரையைத் திடீரென்று நிறுத்தினால் வலிப்பு அடங்காமல் தொடர்ந்து வந்து உயிருக்கே ஆபத்தாகும். இளைப்பு உள்ள பிள்ளையின் இன்ஹேலர் அந்தப் பிள்ளையின் கைக்கெட்டும் தூரத்திலேயே இருக்க வேண்டும், மலைக்குளிரில் கட்டாயம். மற்ற மாத்திரைகளை முகாமில் உள்ள நர்ஸ் ஒருவர் மட்டும் கொடுக்கட்டும், நீங்கள் உங்கள் பையிலிருந்து எதுவும் கொடுக்காதீர்கள்.

தண்ணீரைப் பற்றி ஒரே வரி: அருவி, ஆறு, ஏரி எதிலும் இறங்கவிடாதீர்கள், முழங்கால் அளவுதானே என்று யார் சொன்னாலும்.

கடைசி இரவு. கேம்ப் ஃபயர் எரிகிறது, கிட்டார் மெதுவாக ஒலிக்கிறது, மூன்று நாள் தூக்கமில்லாத பிள்ளைகள், நாளை பிரிந்துவிடுவோம் என்ற ஏக்கம். அந்த நேரத்தில், இயேசுவுக்கு ஒப்புக்கொடுக்கிறவர்கள் கையை உயர்த்துங்கள் என்று அழைப்பு கொடுத்தால் கிட்டத்தட்ட எல்லாக் கையும் உயரும். ஒருவன் எழுந்தால் பக்கத்தில் இருப்பவனும் எழுவான், எழாதவனை எல்லோரும் பார்ப்பார்கள். அந்தக் கைகளை எண்ணி, இத்தனை பேர் ஒப்புக்கொடுத்தார்கள் என்று அறிக்கையில் எழுதும் வழக்கம் எவ்வளவு பரவலானதோ அவ்வளவு கெடுதலானது. மெய்யாகவே தேவனோடு ஒப்புரவான பிள்ளையும், கூட்டத்தோடு கூட்டமாக எழுந்த பிள்ளையும் ஒரே எண்ணிக்கையில் போய்விடுகிறார்கள். இரண்டாவது பிள்ளை ஜூலையில் எல்லாம் பழையபடி ஆகிவிட்டதைப் பார்த்து, என்னால் ஆகாது என்று நிரந்தரமாக முடிவு கட்டிவிடும். ஆகவே அழைப்பை மூன்றாம் நாள் காலைச் செய்திக்குப் பிறகு, வெளிச்சத்தில், பாட்டில்லாமல் வைக்கும்படி பொறுப்பாளரிடம் கேட்டுப் பாருங்கள். அது உங்கள் கையில் இல்லை என்றால், மறுநாள் காலை உங்கள் ஏழு பேரிடமும் ஒரு தாளும் உறையும் கொடுங்கள். நேற்று என்ன தீர்மானித்தாய், ஏன், வீட்டுக்குப் போய் முதல் வாரத்தில் செய்யப்போகும் ஒரே ஒரு காரியம் எது என்று தனக்குத்தானே கடிதம் எழுதி, ஒட்டி, வீட்டு முகவரியை எழுதட்டும். தீர்மானம் எதுவும் இல்லாத பிள்ளை, இல்லை என்று எழுதலாம் என்றும் சொல்லுங்கள். பிரிக்காமல் வைத்திருந்து ஆகஸ்டில் தபாலில் போடுங்கள். ஞானஸ்நானம் முகாமில் கொடுக்கப்படுவதாக இருந்தால் அந்த முகாமுக்குப் போகவே வேண்டாம். பதினாறு வயதுப் பிள்ளைக்கு அது வீட்டாரும் சபையும் அறிந்து, பொறுமையாக நடக்க வேண்டியது.

கிளம்பும் நாள் பெற்றோர் கூட்டிப் போக வருவார்கள். மூட்டை கட்டும் பரபரப்பில் கவுன்சிலர்கள் போட்டோ எடுத்துக்கொண்டிருப்பார்கள். உங்களுக்கு முக்கியமான வேலை அந்த ஒரு மணி நேரத்தில்தான். ஓய்வுநாள் பள்ளி ஆசிரியரோ, வாலிபர் குழுப் பொறுப்பாளரோ, பிள்ளை தானே சொன்ன ஒரு அத்தையோ, ஊரில் தொடரப்போகிறவர் யாரென்று முந்தின நாளே பிள்ளையிடம் கேட்டு வைத்திருப்பீர்கள். அவர் வந்திருந்தால் மூன்று பேருமாக ஐந்து நிமிடம் நில்லுங்கள். வரவில்லை என்றால் பெற்றோர் முன்னிலையில் அவருக்குப் போன் போட்டுப் பிள்ளையிடம் கொடுங்கள். அந்தரங்கத்தைச் சொல்ல வேண்டாம், "இவன் வாரம் ஒருமுறை உங்களைப் பார்க்க வருவான்" என்பது போதும். "நீங்க மட்டும்தான்ணே என்னப் புரிஞ்சுக்கிட்டீங்க, உங்க நம்பர் குடுங்க" என்று பிள்ளை கேட்டால் மனம் குளிரும். அந்தக் குளிர்ச்சிதான் எச்சரிக்கை. தனி வாட்ஸ்அப் வேண்டாம். இரண்டு மூன்று பெரியவர்கள் இருக்கும் குழு, அல்லது பெற்றோருக்குத் தெரிந்து ஒரு தபால் அட்டை. முதல் வாரத்துக்குள் ஒரு அட்டை, பள்ளி திறந்து ஒரு மாதத்தில் ஊரில் உள்ளவரிடம் ஒரு போன், ஆகஸ்டில் அந்தக் கடிதம். பிள்ளைகளின் படத்தை ஸ்டேட்டஸில் போடாதீர்கள். பெற்றோர் தரும் காணிக்கையை முகாம் அலுவலகத்தில் ரசீதோடு கட்டச் சொல்லுங்கள். உங்கள் பயணச் செலவு குழுவின் பொறுப்பு, அதை ஏப்ரலிலேயே வாய்விட்டுக் கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள். கேட்க வெட்கப்பட்டுக் கடன் வாங்கிப் போகிறவர்கள் அடுத்த வருடம் வருவதில்லை.

கேட்ட மூன்று முகாம்களில், முதல் வருடம் இரண்டுக்கு மட்டும் ஒத்துக்கொள்ளுங்கள். இரண்டுக்கும் நடுவில் குறைந்தது ஐந்து நாள் வீட்டில் இருக்க வேண்டும். மூன்றாவது முகாமில் தொண்டை போய்விடும் என்பது சின்ன விஷயம். முதல் முகாமில் ஒரு பிள்ளை சொன்ன கதையை நினைத்துக்கொண்டே மூன்றாவது முகாமில் வேறொரு பிள்ளையின் கதையைக் கேட்பீர்கள், பாதியில் "ஆமா, தெரியும்" என்று தலையாட்டிவிடுவீர்கள். அந்தப் பிள்ளை அதோடு நிறுத்திக்கொள்ளும். கிளம்பும் முன் உங்கள் குறிப்பு நோட்டைத் திறந்து பாருங்கள். சட்டப்படி எழுதியது பொறுப்பாளரிடம் போயிருக்க வேண்டும். ஜெபிக்க வேண்டிய பேர்களை முதல் எழுத்தாக மட்டும் ஒரு தாளில் எழுதிக்கொண்டு, மிச்சப் பக்கங்களைக் கிழித்து முகாம் அடுப்பிலேயே போட்டுவிடுங்கள். ஒரு முகாமின் அந்தரங்கம் இன்னொரு முகாமின் டார்மிட்டரியில், உங்கள் தலைமாட்டுப் பைக்குள் கிடக்கக் கூடாது.